பன்னிரண்டு வோல்ட்டுக்கு முப்பத்தொன்று

பதினாறு வருடம் செய்தித்தாள் டெஸ்கில் செய்தி திருத்தும் வேலை பார்த்தேன். அந்தப் பதிப்பை நிர்வாகம் மூடிய பிறகு, பெங்களூரில் மீட்டர் தயாரிக்கும் ஒரு கம்பெனியில் கையேடு எழுதச் சேர்ந்தேன். எழுதும் பொருள் புரிய வேண்டும் என்று மாலைநேர டிப்ளமோவுக்கு அனுப்பினார்கள். அதில் தேறினால்தான் வேலை நிரந்தரம்.

ஆய்வகத்தில் இருவருக்கு ஒரு மேஜை. என்னோடு இருந்தவர் பெங்களூரிலேயே மர்பி டவுன்காரர், என்னைவிட ஏழெட்டு வயது சின்னவர். லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனியில் ஒன்பது வருடமாக ஹெல்பர். டிப்ளமோ முடித்தால் டெக்னீஷியன் ஆக்குவதாகச் சொல்லியிருந்தார்கள். எழுத்துத் தேர்வுகளை முடித்துவிட்டார். மிச்சம் சர்க்யூட் செய்முறைத் தேர்வு மட்டும்தான். டியூட்டி காரணமாக இரண்டு முறை தவறவிட்டவருக்கு இது கடைசி வாய்ப்பு.

ரெசிஸ்டர், காயில், கெபாசிட்டர் மூன்றையும் வரிசையாக இணைத்து, பன்னிரண்டு வோல்ட் ஏசி, அதாவது மாறுதிசை மின்சாரம் கொடுத்து, ஒவ்வொன்றின் வோல்ட்டேஜையும் அளக்க வேண்டும். இதுதான் எங்களுக்கு வந்த கேள்வி. இணைப்பதும் அளப்பதும் அவர், அட்டவணை நான். "உங்க கையெழுத்தப் பாத்தே மார்க் போட்டுருவாங்கக்கா. என்னுது மெடிக்கல் ஷாப்காரனுக்கே புரியாது" என்பார்.

அவர் மீட்டரைப் பார்த்துச் சொல்லச் சொல்ல ரஃப் தாளில் குறித்தேன். ஒன்பது, பதினைந்து, ஏழு. பிறகு சர்க்யூட்டைக் கழற்றி, பாகங்களை ஸ்டோரில் ஒப்படைக்கப் போனார்.

கூட்டிப் பார்த்தேன். முப்பத்தொன்று. கொடுத்ததோ பன்னிரண்டு. டெஸ்கில் கூட்டுத்தொகை இடிக்கும் செய்தி வந்தால் நிருபரைக் கூப்பிட்டுக் கேட்பேன். அன்று கேட்கவில்லை. மீட்டரைத் தப்பாகப் படித்துவிட்டார் என்று நானே முடிவு செய்து பன்னிரண்டு வரும்படி நான்கு, ஐந்து, மூன்று என்று சுத்தமாக எழுதினேன். பேட்டரி வைத்துச் செய்த சோதனைகளில் எல்லாம் அப்படித்தான் கூடி வந்தது. ஏசி பாடம் நடந்த இரண்டு வாரமும் நான் வகுப்புக்குப் போகவில்லை.

திரும்பி வந்தவர் பார்க்காமலே கையெழுத்துப் போட்டார்.

வெளிக் கல்லூரியிலிருந்து வந்த தேர்வாளர் கன்னடத்தில் என் மேஜைக் கூட்டாளியை விசாரித்தார். காயிலும் கெபாசிட்டரும் எதிரெதிரானவை, அவற்றின் வோல்ட்டேஜ் ஒன்றிலொன்று கழியும், மிச்சம் ரெசிஸ்டரின் வோல்ட்டேஜோடு செங்கோணத்தில் சேரும், நேராகக் கூட்டக்கூடாது என்று கூட்டாளி தடுமாறாமல் சொன்னார். பதினைந்தில் ஏழு போக எட்டு. எட்டின் வர்க்கமும் ஒன்பதின் வர்க்கமும் சேர்ந்தால் நூற்று நாற்பத்தைந்து. அதன் வர்க்கமூலம் ஏறக்குறைய பன்னிரண்டு. ரஃப் தாளில் இருந்த எண்களை வைத்து, பக்கத்தில் நின்றபடியே மனதுக்குள் கணக்கைப் போட்டு முடித்தேன்.

அப்படியானால் இதில் மட்டும் எப்படி நேராகக் கூடி வருகிறது, மீட்டரைப் பார்த்து எழுதியதா, வீட்டிலேயே எழுதி வந்ததா என்று தேர்வாளர் அட்டவணையைத் திருப்பிக் காட்டினார். கூட்டாளி தாளைப் பார்த்தார். பிறகு என்னை. மறுபடி தாளை. ரீடிங் எடுத்தது யார் என்ற கேள்வி வந்தது.

"நானே சார்" என்றார் கூட்டாளி.

ரஃப் தாள் என் கைப்பையில் மடித்துக் கிடந்தது. நீட்டியிருந்தால் அவர் அளந்தது சரி என்று தெரிந்திருக்கும். மாற்றியது நான் என்பதும் தெரிந்திருக்கும், என் கம்பெனிக்குக் கடிதம் போயிருக்கும். நான் கையை அசைக்கவில்லை. தேர்வாளர் கற்பனை ரீடிங் என்று எழுதி இருவருக்கும் பூஜ்யம் போட்டார். எனக்கு அடுத்த தேர்வு உண்டு.

வண்டி நிறுத்தும் இடத்தில் கூட்டாளி ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"அந்த ரஃப் ஷீட் எங்கக்கா? இருந்தா குடுங்க, அவரு இன்னும் மேலதான் இருக்காரு. காட்டிட்டு வந்துடறேன்."

கிழித்துப் போட்டுவிட்டேன் என்றேன்.

தலையாட்டினார். தூறல் ஆரம்பித்திருந்தது. "ஏறுங்கக்கா, மெட்ரோகிட்ட விட்டுடறேன்" என்றார். கைப்பையை இருவருக்கும் நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.