பின்னட்டையில் எழுதிய இலக்கங்கள்

எங்கள் நூலகத்தில் அழகுமுத்து வாசித்த புத்தகத்தைக் கண்ணை மூடிக்கொண்டே எடுத்துவிடலாம். கராம்பு மணக்கும். இரத்தோட்டைப் பாதையில் மிளகும் கராம்பும் வாங்குகிற கடையொன்றில் மூட்டை தூக்குகிறவர் அவர். பகல் சாப்பாட்டுக்குப் பிறகு மூட்டைமேல் சாய்ந்து அரை மணி நேரம் நாவல் வாசிப்பார். சனிக்கிழமை புத்தகத்தைத் திருப்பித் தரும்போது அபிப்பிராயத்தையும் தந்துவிட்டுத்தான் போவார். நான் கேட்டதே கிடையாது.

“கதாநாயகியோட கண்ண ரெண்டு பக்கத்துக்கு எழுதுறான் மிஸ். அவ காலையில சாப்பிட்டாளான்னு ஒரு வரி இல்ல.”

ராஜா கதைகள் அவருக்கு ஆகவே ஆகாது. “ஆயிரம் குதிரை போகுதாம். புல்லு வெட்டுறவன் ஒருத்தனையும் காணோம்.” முன்னுரையைத் தொட மாட்டார். கதை சொல்லத் தெரிந்தவனுக்கு அது எதற்கு என்பார். மெலிந்த புத்தகத்தைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, ஏமாற்றப்பட்டவர் போல் திரும்ப வைப்பார்.

இதெல்லாம் அவருடைய மகள் துஷாரா இருந்த காலத்திலேயே இருந்த பழக்கம். இரண்டு வருடங்களுக்கு முன், பதினொரு வயதில், அவளைச் சுது கங்கை ஆறு கொண்டுபோனது. குளிக்கக் கூட்டிப்போனது அழகுமுத்துதான். அன்றிலிருந்து மனைவி பேச்சியம்மா அவரோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. சமைப்பாள், சோறு போடுவாள், அவ்வளவுதான். ஊரில் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். தெரிந்தும்தான் அந்தக் காரியத்தைச் செய்தேன்.

பேச்சியம்மாவுக்கும் எங்களிடம் தனி வாசகர் அட்டை உண்டு. புதன்கிழமைகளில் வருவாள். புருஷன் சனிக்கிழமை திருப்பித் தந்த புத்தகத்தைத்தான் தேடி எடுப்பாள். முகர்ந்து பார்ப்பாள், பின்னட்டையைத் திறந்து பார்ப்பாள், பிறகு நீட்டுவாள். பேசாத புருஷன் வாசித்த புத்தகம் மட்டும் இனிக்கிறதாக்கும் என்று நான் மனதுக்குள் நக்கலடித்ததுண்டு.

சென்ற வருடக் கடைசியில் எல்லாப் புத்தகங்களையும் இறக்கிச் சரிபார்த்தோம். அப்போதுதான் கண்டேன். நாவல்களின் பின்னட்டைக்கு உள்ளே பென்சிலால் இலக்கங்கள். ஒன்றில் 88–93. இன்னொன்றில் 271. ஏழுக்கு நடுவில் ஒரு கோடு, மூட்டையில் நிறை எழுதுவது போல. லொத்தர் சீட்டு இலக்கம்தான் என்று முடிவு கட்டினேன். புத்தகத்தில் ஒரு மடிப்பு விழுந்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இரண்டு நாட்கள் உட்கார்ந்து ஒன்றுவிடாமல் அழித்தேன்.

அந்தச் சனிக்கிழமை அழகுமுத்து ஒரு தடித்த நாவலைத் திருப்பித் தந்தார். பின்னட்டையைத் திறந்தேன். 117–124.

“லொத்தர் ஆடுறதுக்கு ஒங்களுக்கு எங்க புத்தகமா கெடச்சிச்சி?” என்று கத்தினேன். பத்திரிகை வாசிக்க வந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். “இனி ஒரு கோடு கண்டாலும் அட்டைய வாங்கி வச்சிருவேன்.”

அவர் முகம் சுருங்கிப்போனது. “இந்த ஒரு புத்தகத்துல மட்டும் விட்டுருங்க மிஸ்.”

அவர் கண் முன்னாலேயே அழிறப்பரை எடுத்துத் தேய்த்தேன். தூளை ஊதியும் விட்டேன்.

புதன்கிழமை பேச்சியம்மா அதை எடுத்துப் போனாள். மறுநாள் காலை, நான் கதவைத் திறக்கும்போதே வாசலில் நின்றாள். கண்கள் வீங்கியிருந்தன. கையில் ஒரு துணிப்பை.

“இதுல ஒன்னுமே எழுதலியே அவரு,” என்றாள். “நான் வாசிக்கணும்னுதான் விட்டிருக்காரு.”

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. புத்தகத்தை வைத்துவிட்டு யட்டவத்த பஸ்ஸில் ஏறினாள். அங்கே அவளுடைய தங்கை இருக்கிறாள்.

சனிக்கிழமை அழகுமுத்து வந்து அந்தப் புத்தகத்தைக் கேட்டார். பின்னட்டையைப் பார்த்தார். பிறகுதான் சொன்னார்.

“அந்த இலக்கம் அவளுக்குங்க மிஸ். ஆத்துல புள்ள போற மாதிரி, புள்ள சாவுற மாதிரி கதையில வந்தா, அந்தப் பக்கத்த எழுதி வைப்பேன். அவ அதத் தாண்டி வாசிச்சிக்குவா. நாங்க பேசிக்கிட்டதே அதுலதான்.”

“அன்னைக்கே சொல்லியிருக்கலாமே!”

“அத்தன பேரு நின்னாங்களே மிஸ். வீட்டுல அவகிட்டயும் சொல்ல வாய் வரல.”

அவர் போனபிறகு 117ஆம் பக்கத்தைத் திறந்தேன். ஒரு தகப்பன் மகனைக் கூட்டிக்கொண்டு ஆற்றில் இறங்குகிறான். கை வழுக்குகிறது. பிடிக்கிறான், மறுபடி வழுக்குகிறது. எழுதியவன் எதையும் மிச்சம் வைக்கவில்லை. என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை யட்டவத்த போனேன். பேச்சியம்மா தங்கை வீட்டு வாசலில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அவர் எழுதினார், நான்தான் அழித்தேன் என்று எல்லாவற்றையும் சொன்னேன். அழுதேன். இதோடு வீட்டுக்குத் திரும்பிவிடுவாள் என்று நம்பினேன்.

ஈரச் சட்டையை உதறிக் கொடியில் போட்டாள்.

“நீங்க பொய் சொல்ல மாட்டீங்க மிஸ். அவரு மேல எனக்குக் கோபம் இல்ல. முந்தியும் இருந்ததில்ல. வாயத் தொறந்தா, அவ எப்படிப் போனான்னு கேட்டுருவேன்னு பயம். அதான் பேசாம இருந்தேன்.” அடுத்த சட்டையை எடுத்துப் பிழிந்தாள். “இப்ப வாசிச்சிட்டேனே. அவரு கையப் பார்த்தா எனக்கு அந்த எட்டுப் பக்கமும் கண்ணு முன்னால வரும்.”

அவள் திரும்பி வரவில்லை. அழகுமுத்து இப்போதும் சனிக்கிழமை வருகிறார். அபிப்பிராயம் சொல்வதில்லை. பின்னட்டையில் இலக்கம் எழுதித்தான் தருகிறார். நான் அதை அழிப்பதில்லை.