பேச்சுப் பக்கத்தில் அவரைக் கேட்டிருந்தார்கள்

எனக்குக் கோவையாக எழுத வராது. ஐந்தாவதோடு பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. மறதியும் அதிகம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

கோலார் தங்கவயலில் நாங்கள் இருந்த லைன், அதாவது சுரங்க ஆட்களுக்குக் கட்டிக்கொடுத்த வரிசை வீடுகள், அதைப் பற்றி அங்கே வாழ்ந்தவர்கள் சேர்ந்து இணையத்தில் ஒரு விக்கி வைத்திருக்கிறார்கள். அதில் யாரும் எழுதலாம், யார் எழுதியதையும் யாரும் திருத்தலாம். ஆனால் ஒரு மரியாதை உண்டு. திருத்துவதற்கு முன்னால், பேச்சுப் பக்கம் என்று இருக்கிறதே, அங்கே எழுதியவரைக் கேட்க வேண்டும். கொஞ்ச நாள் பார்த்து, பதில் வராவிட்டால் திருத்திக்கொள்ளலாம்.

என் வீட்டுக்காரர் பெங்களூர் அடுகோடியில் இப்போது இருக்கும் வீட்டு ஜன்னலோரம் உட்கார்ந்து, ஒற்றை விரலால் தட்டித் தட்டி எங்கள் லைனைப் பற்றி எழுதினார். எனக்குப் படித்துக் காட்டியதில்லை. நானும் கேட்டதில்லை. அவர் போன பிறகு மருமகள்தான் ஃபோனில் எடுத்துப் பார்த்தாள்.

"அத்தை, மாமா எழுதினத யாரோ மாத்தியிருக்காங்க. நம்ம வீட்ல ரெண்டு பிள்ளைங்கன்னு எழுதியிருக்காரு. இப்ப ஒரே பையன்னு இருக்குது."

"கேக்காமயா மாத்தினாங்க?"

"கேட்டிருக்காங்க. மாமாவத்தான் கேட்டிருக்காங்க. 'ஐயா, தவறி எழுதிவிட்டீர்களா'ன்னு. பாவம், கடைசில மாமாவுக்கு மறதி ஆயிடுச்சு போல."

அவருக்கு மறதி இல்லை. என் மகனுக்கு முன்னால் ஒரு பெண் பிறந்தாள். பேர் வைப்பதற்குள் ஜுரத்தில் போய்விட்டாள். அவர்தான் துண்டில் சுற்றி, சயனைட் மேட்டுக்கு, தங்கம் பிரித்த பிறகு மிஞ்சிய மண்ணைக் கொட்டிவைத்த மேடு அது, அதற்கு அந்தப் பக்கம் கொண்டுபோனார். மறுநாள் ஷிப்டுக்கு இறங்கிவிட்டார். அப்புறம் அவளைப் பற்றி வாய் திறந்ததே இல்லை. அவர் மறந்துவிட்டார் என்றுதான் இத்தனை காலமும் நினைத்திருந்தேன்.

மருமகளிடம் சொன்னேன். அவள் ஃபோனைத் திரும்பக் கையில் எடுத்தாள். பிறகு, "ஒரு அமுக்கு அமுக்கினா மாமா எழுதினது பழையபடி வந்துடும் அத்தை. அமுக்கட்டா?" என்றாள்.

"வேணாம்மா. அவங்க கேட்டுட்டுதானே மாத்தினாங்க. நாமளும் சொல்லிட்டுதான் மாத்தணும்."

வாசலில் யாராவது வந்தாலே உள்ளே போய்விடுகிறவள் நான். அந்தப் பேச்சுப் பக்கத்தில் எழுதினேன். அவர் காலமாகிவிட்டார், அதனால்தான் பதில் இல்லை, எங்களுக்கு முதலில் ஒரு பெண் இருந்தாள் என்று.

மறுநாள், மாற்றியவரிடமிருந்து பதில் வந்தது. எங்களுக்குப் பிறகு அந்த லைனுக்கு வந்தவராம். மன்னிப்புக் கேட்டிருந்தார். ஆனால் அந்தந்த வீட்டில் உள்ளவர்கள் சொன்னால் மட்டும் போதாது, லைனில் இருந்த இன்னொருவரும் ஆமாம் என்று சொல்ல வேண்டும், எல்லோருக்கும் அப்படித்தான் வைத்திருக்கிறோம் அம்மா என்று எழுதியிருந்தார்.

"பெத்தவ சொன்னா பத்தாதாமா?" என்றாள் மருமகள். "மாமா இருந்தா இந்நேரம் பஸ் ஏறி அந்த ஆள் வீட்டுக்கே போயிருப்பாரு."

மாற்றியவர்மேல் தப்பு இல்லை. என்னிடம் போட்டோ இல்லை. புதைத்த இடத்தில் கல் வைக்கவில்லை. குழந்தையைக் குளிப்பாட்டிக் கொடுத்த பக்கத்து வீட்டு அக்காவும் போய்விட்டார்.

அந்த லைனில் இருந்தவர்கள் யாராவது இதைப் படித்தால் உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். எங்கள் வீடு குழாயடியிலிருந்து மூன்றாவது, நாலாவதாகவும் இருக்கலாம். குழந்தையை என் வீட்டுக்காரர் கொண்டுபோன அன்றைக்கு மழை பெய்தது என்று நினைக்கிறேன். அவருக்குப் பின்னால் லைன் ஆண்கள் சிலர் நடந்து போனார்கள். நான் சொல்வது சரிதானா என்று யாராவது விசாரித்து, பேச்சுப் பக்கத்தில் ஒரு வரி எழுதுங்கள்.