ரோமாபுரித் தூணில் ஒரு குங்குமப் பொட்டு

ஸ்வர்ணா அமெரிக்கா வந்த புதிதில் வேலை பார்க்க அனுமதி கிடையாது. கணவன் விசாவில் ஒட்டிக்கொண்டு வந்தவர்கள் கதைதான். மைக்ரோபயாலஜி படித்துவிட்டு, வெஸ்ட் வின்ட்சர் வீட்டில் இட்லி மாவைப் புளிக்க வைத்துக்கொண்டிருந்தாள். கிரீன் கார்டு கைக்கு வந்ததும், ரயில் ஸ்டேஷன் பக்கத்தில் படங்களுக்குச் சட்டம் போடும் கடையில் சேர்ந்துவிட்டாள். வேலையில் அப்படியொரு நறுவிசு. அதைப் பார்த்துத்தான் முதலாளி சட்டம் போட வந்த ஒரு பழைய படத்தையே நம்பி வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார்.

நானூற்றைம்பது வருஷத்துப் படம் அது. செப்புத் தகட்டில் கீறி இத்தாலியில் அச்சடித்தது. ரோமாபுரிக் கோயில் ஒன்றின் இடிபாடு. எட்டுத் தூண்கள், கீழே ஓர் ஆட்டிடையன். மார்கரெட் என்ற ஓய்வுபெற்ற பேராசிரியையின் சொத்து. அதைத் தொடும்போது ஸ்வர்ணா மூச்சைக்கூட அடக்கிக்கொள்வாள்.

ஆயுத பூஜை வந்தது. கட்டர், ஸ்கேல் எல்லாம் படம் இருந்த மேஜையில் பரப்பி, சந்தனம் குங்குமம் வைக்கும்படி கணவன் சுந்தரராமனிடம் சொல்லிவிட்டுச் சுண்டல் தாளிக்கப் போனாள். சொன்னதையே செய்யாத மனுஷன், அன்றைக்குப் பார்த்துச் சொல்லாததையும் செய்து வைத்திருந்தான். திரும்பி வந்து பார்த்தாள். படத்தின் நாலு மூலையிலும் பொட்டு. போதாக்குறைக்கு நடுத்தூணிலும் ஒன்று.

"கோயில் படமாச்சே ஸ்வர்ணா. சாமிய விட்டுட்டு ஸ்கேலுக்கு மட்டும் எப்படி வைக்கிறது?"

அவள் துடைக்கத் துணியை எடுத்தாள். ஈரச் சந்தனம் காகிதத்துக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. துடைத்தால் இன்னும் பரவும். வேலை போய்விடும் என்பதுகூட அப்புறம்தான் உறைத்தது. ஒருத்தர் நம்பிக் கொடுத்த பொருளாயிற்றே!

மறுநாள் கடையில் மார்கரெட்டிடம் எதையும் மறைக்காமல் சொன்னாள். ஆயுத பூஜையை ஆங்கிலத்தில் விளக்குவதற்குள் நாக்கு உலர்ந்துவிட்டது. முதலாளி முகம் வெளுத்து நின்றார். மார்கரெட் குனிந்து வெகுநேரம் பார்த்தார். உன் கணவர் கும்பிட்டாரா என்று கேட்டார். கற்பூரமே காட்டினார் என்றாள் ஸ்வர்ணா.

அந்தக் கோயிலில் பூஜை நின்று ஆயிரத்து அறுநூறு வருஷம் ஆகிறது என்றார் மார்கரெட். அதற்கப்புறம் அங்கே கும்பிட்ட முதல் ஆள் உன் கணவர்தான் என்றார். யாரும் துடைக்கக் கூடாது, பொட்டு அத்தனையும் தெரிகிற மாதிரி சட்டம் போட வேண்டும், அதை ஸ்வர்ணாதான் போட வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் சுந்தரராமனுக்குத் தலைகால் புரியவில்லை. எந்தச் சாமி கோயிலாம் என்று கேட்டான்.

"சாட்டர்னாம். நம்ம சனீஸ்வரன்."

அவன் முகத்தில் ஈயாடவில்லை. அந்தச் சனிக்கிழமையே எள் விளக்குப் போடப் பிரிட்ஜ்வாட்டர் கோயிலுக்கு ஓடினான். ஸ்வர்ணா கூடப் போகவில்லை. அவளுக்குக் கடையில் வேலை இருந்தது.