பிடிலைத் தூக்கிக்கொண்டு போன தமிழ்மணி

தீர்த்தகிரியின் குட்டியானை வண்டி பகலில் தக்காளி ஏற்றும். திருவிழாக் காலம் வந்தால் மெல்லிசைக் குழுக்களின் ஸ்பீக்கர் பெட்டிகளை ஏற்றும். ஒரு சித்திரையில் பென்னாகரம் கச்சேரி முடிந்து குழுவைத் தருமபுரியில் இறக்கிவிட்டு இண்டூர் திரும்பியபோது, தார்ப்பாய்க்கு அடியில் ஒரு கறுப்புப் பெட்டி தங்கிவிட்டிருந்தது. போன் போட்டுக் கேட்டார். வயலின்காரர் இரவல் வயலினோடு அடுத்த கச்சேரிக்கு ஆந்திரா பக்கம் போய்க்கொண்டிருந்தார். ஒரு வாரம் பத்திரமாக வைத்திருங்கள், வந்து வாங்கிக்கொள்கிறேன் என்றார்.

தீர்த்தகிரி அதை பீரோவுக்கு மேலே வைத்தார். நான்காம் வகுப்பில் இருந்த மகள் தமிழ்மணி நாற்காலி போட்டு ஏறி இறக்கிவிட்டாள்.

முதல் இரண்டு நாள் பூனைச் சண்டை மாதிரி சத்தம் வந்தது. அம்மா நிர்மலா, பெட்டியைக் கிணற்றில் போடுவேன் என்று மிரட்டினாள். மூன்றாம் நாள் சாயங்காலம் பக்கத்து வீட்டுக் கண்ணம்மாள் கைப்பையை எடுத்துக்கொண்டு ரோட்டுக்கு ஓடினாள். ஓடிப்போய்ப் பார்த்தால் பஸ் இல்லை. தனியார் பஸ்ஸின் பாட்டு ஹாரனை அப்படியே பிடிலில் வாசித்திருந்தது இந்தப் பெண். கண்ணம்மாள் வந்து திட்டித் தீர்த்தாள். திட்டி முடித்துவிட்டு, இன்னொரு தடவை வாசி என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

வயலின்காரர் வந்தபோது அவருக்கும் அந்த ஹாரன் கிடைத்தது. சிரித்துச் சிரித்து அவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"இந்தப் பொண்ணுக்கு ஒண்ணு வாங்கிக் குடுத்துடுங்க. இல்லாட்டி என்னோடதக் கேட்டு என் வூட்டுக்கே வந்துடும்" என்றார்.

அந்த வருஷம் தக்காளி நன்றாகப் போனது. பிடில் வந்தது. சனிக்கிழமை தவறாமல் தாயும் மகளும் சேலத்து இசைப்பள்ளிக்கு பஸ் ஏறினார்கள். தொப்பூர் வளைவுகளில் பஸ் சாயும்போதெல்லாம் நிர்மலா மகளை விட்டுவிட்டுப் பிடிலைத்தான் இறுக்கிப் பிடித்துக்கொள்வாள். கர்நாடக சங்கீதம் என்றால் பெங்களூர்ப் பாட்டா என்று கேட்ட உறவினர்களுக்கெல்லாம் அவளே விளக்கமும் சொன்னாள். முக்கால்வாசி தப்பாகத்தான் சொன்னாள், ஆனால் தயங்காமல் சொன்னாள்.

பிறகு சென்னை இசைக் கல்லூரி. அதற்குப் பிறகு மார்கழி மாதத்து மத்தியானக் கச்சேரிகள். அரங்கத்தில் ஆட்களைவிட நாற்காலிகள் அதிகம். கேண்டீனிலிருந்து வரும் ரவா தோசை வாசனைக்கு அந்தக் கொஞ்சம் பேரும் நழுவிவிடுவார்கள். தமிழ்மணிக்கு அதெல்லாம் குறையாகவே தெரியவில்லை. மேடையில் உட்காரவைத்து வாசிக்கச் சொல்கிறார்களே, அதுவே அவளுக்குக் கிறுகிறுத்தது. அப்படி ஒரு மத்தியானத்தில்தான் பாடகி சுசித்ராவுக்கு வாசித்தாள். சுசித்ரா பாட்டில் எங்கே போனாலும் பின்னாலேயே வந்து பிடித்த இந்தப் பிடில் அவருக்குப் பிடித்துப்போனது. அடுத்த இளவேனிலில் ஐரோப்பாவுக்குக் கூட்டிக்கொண்டு போனார். மிருதங்கத்துக்கு ஆரோக்கியராஜ். தருமபுரிக்காரர், சிரிக்காமல் பேசத் தெரியாதவர்.

கடைசிக் கச்சேரி பெல்ஜியத்தில் ஒரு சின்ன ஊரில். முந்தின நாள் சுசித்ரா லண்டனில் அக்காவைப் பார்க்கப் போயிருந்தார். பருவம் தப்பிப் பனி கொட்டியது. விமானங்கள் நின்றுவிட்டன. சுசித்ரா அங்கேயே மாட்டிக்கொண்டார். தமிழ்மணியோ வாழ்க்கையில் முதல் பனியைப் பார்த்த சந்தோஷத்தில், செருப்புக்காலோடு தெருவில் குதித்துக்கொண்டிருந்தாள். விழா நடத்துகிற அம்மாள் வெளியே வந்து, டிக்கெட் எல்லாம் விற்றுவிட்டது, நீங்கள் இரண்டு பேருமாக வாசிக்க முடியுமா என்று கேட்டார்.

தமிழ்மணி பக்கவாத்தியம். பாடுகிறவர் முன்னால் நடந்தால் பின்னால் நடந்துதான் அவளுக்குப் பழக்கம். வீட்டுக்குப் போன் போட்டாள். பாடுகிறவர் வரவில்லை, என்ன செய்வதென்று தெரியவில்லை என்றாள். நிர்மலா அப்போது மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள்.

"அவங்க வரலன்னா இன்னா? உன் பிடிலு வந்துருக்குதில்ல? போயி வாசி" என்றாள். மாடு இழுக்கவே போனை வைத்துவிட்டாள்.

அன்றைக்கு அவள் கதனகுதூகலம் எடுத்தாள். பெயரிலேயே துள்ளல் இருக்கிற ராகம். நாலைந்து வில் இழுப்பிலேயே பயம் போய்விட்டது. முன்னால் நடக்க யாரும் இல்லாததால் அவளே ஓடினாள், ஆரோக்கியராஜ் துரத்தினார்; அவர் ஓடினார், இவள் துரத்தினாள். ஆனால் அரங்கத்தில் ஒரு சத்தம் இல்லை. தொடையில் தாளம் இல்லை, தலையாட்டல் இல்லை, யாரும் 'பலே' சொல்லவில்லை. பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்து இன்னும் வேகமாக வாசித்தாள். வாசித்து முடித்து வில்லை இறக்கினாள். அவ்வளவுதான், கூட்டம் மொத்தமும் எழுந்து நின்றது.

நம் ஊரில் கச்சேரி நடுவே எழுந்தால் வீட்டுக்குக் கிளம்புகிறார்கள் என்று அர்த்தம். தமிழ்மணி ஆரோக்கியராஜ் பக்கம் சாய்ந்தாள்.

"அண்ணா, எல்லாரும் கெளம்பறாங்க. சீக்கிரம் மங்களம் வாசிச்சிடலாம்" என்றாள் மெதுவாக.

ஆரோக்கியராஜ் மிருதங்கத்தின் மேலேயே குப்புற விழுந்து சிரித்தார்.

"எங்கயும் போவல தங்கச்சி. கை தட்டறாங்க பாரு. இவங்க ஊர்ல ரொம்ப புடிச்சா எந்திரிச்சு நிப்பாங்க."

அதற்குப் பிறகுதான் கைதட்டல் அவள் காதில் ஏறியது. அவளும் எழுந்து நின்றாள். புடவை முந்தானை காலில் சிக்கித் தடுமாறினாள். கூட்டம் இன்னும் பலமாகத் தட்டியது. உள்ளே போனால் திரும்பக் கூப்பிட்டார்கள். போய் வாசித்தாள். மறுபடியும் கூப்பிட்டார்கள். கடைசியில் அரங்கக் காவலாளி சாவிக்கொத்தைக் குலுக்கிக்கொண்டு வந்து நின்றார். அவரும் தட்டினார்.

சுசித்ராவுக்குத் தகவல் போனபோது, இனிமேல் இவளை எனக்குப் பின்னால் உட்காரவைத்தால் பாவம் என்று சொல்லி அவரே இரண்டு விழாக்காரர்களிடம் பேசினார். இரண்டு கச்சேரி நாலாயின, நாலு பலவாயின. இப்போது தமிழ்மணி வருஷத்தில் பாதி நாள் விமானத்தில் இருக்கிறாள், மீதி நாள் இண்டூரில். அவளிடம் இத்தனை தேசம் பார்த்தாயே எப்படி இருந்தது என்று கேட்டால் எதைச் சொல்வதென்று திணறி, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லத் தொடங்கிவிடுவாள்.

போன வருஷம் ஜப்பானுக்கு அம்மாவையும் கூட்டிப்போனாள். கச்சேரி முடிந்ததும் நிர்மலா அரங்க வாசலில் நின்றுகொண்டு, வெளியே வருகிற ஒவ்வொருவரிடமும் "எம் பொண்ணுதாங்க" என்றாள். அவர்கள் இடுப்பை வளைத்து வணங்கினார்கள். மரியாதை கெட்டுவிடக் கூடாதென்று நிர்மலாவும் வளைந்தாள். அவர்கள் மறுபடி வளைந்தார்கள். இவளும் விடவில்லை. வாசலில் கூட்டம் நெரிந்தது. கறுப்புப் பட்டுக் கிமோனோ கட்டிய ஒரு கிழவி நிர்மலாவோடு மாறி மாறி வணங்கி, வணங்கி, கடைசியில் நிமிர முடியாமல் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். நிர்மலாவும் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். தமிழ்மணி பிடிலோடு வெளியே வந்து பார்த்தபோது, ஒரு பாஷையும் பொதுவில் இல்லாத அந்த இரண்டு பேரும் காலணி கழற்றும் பெஞ்சில் அக்கடா என்று உட்கார்ந்து, ஒருத்தி காலை ஒருத்தி அமுக்கிவிட்டுக்கொண்டிருந்தார்கள்.