கொதிசூட்டு பட்டன்

கல்யாணத்துக்குக்கூட நான் இவ்வளவு யோசித்ததில்லை. பாத்திரம் கழுவும் மிஷின் ஒன்று வாங்குவதற்குள் மனசு படாத பாடு பட்டுவிட்டது. ஆபீஸ் அரியலூரில், வீடு பெரம்பலூரில். காலையும் மாலையும் பஸ்ஸில் போனைத் தேய்த்துத் தேய்த்து மிஷின் பார்த்தேன். மலிவானது வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவும். இன்னொன்றில் கொதிசூட்டில் கழுவ ஒரு பட்டன் அதிகம். மலிவானதே போதும் என்று காலையில் முடிவெடுப்பேன். சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கும்போது மனசு மாறியிருக்கும். "ஒண்ணு வாங்கு, இல்ல விட்டுத் தொலை" என்றார் வீட்டுக்காரர். விட்டுத் தொலைக்க முடியாது. என் அம்மாவின் கை அப்படி இருந்தது.

அப்பா இறந்த பிறகு அம்மா எங்களோடு வந்துவிட்டாள். வந்த அன்றிலிருந்து சிங்க் அவளுக்குச் சொந்தம். எங்கள் போர் தண்ணீரும் சோப்பும் சேர்ந்து அவள் விரல்களைப் பாளம் பாளமாக வெடிக்க வைத்தன. பிசைந்தால் எரிகிறது என்று ரசம் சோற்றையே விட்டுவிட்டாள். "இந்தக் கையில இனிமே சோப்புத் தண்ணி படவே கூடாதுங்க" என்றார் தோல் டாக்டர். அம்மா நல்ல பிள்ளையாகத் தலையாட்டினாள். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றிய கையோடு டம்ளர் கழுவப் போய்விட்டாள்.

வேலைக்கு ஒரு பெண்ணை வைத்துப் பார்த்தேன். அம்மா அவளை உட்காரவைத்து டீ போட்டுக் கொடுத்துவிட்டு, பாத்திரத்தைத் தானே கழுவினாள். "என் எச்சித் தட்ட இன்னொரு பொம்பள கழுவணுமா? நான் கழுவுனது பத்தாதா?" என்றாள். "உங்கம்மா என்னைய வேல செய்யவே விட மாட்டேங்குறாங்க" என்று அந்தப் பெண் நின்றுவிட்டாள்.

நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது செந்துறைப் பக்கம் ஒரு பெரிய வீட்டில் அம்மா வேலை செய்தாள். அந்த வீட்டுப் பாத்திரமெல்லாம் கொல்லையில் வந்து விழும். அவள் தேய்த்துக் கழுவி வைப்பாள். அந்த வீட்டம்மா அவற்றின் மேல் தண்ணீர் தெளித்து உள்ளே எடுத்துப் போவார். அம்மாவுக்குக் காபி குடிக்கத் தனி டம்ளர், மாட்டுக்கொட்டகைச் சுவர் மேல் இருக்கும். குடித்துவிட்டு அவளே கழுவிக் கவிழ்த்துவிட்டு வரவேண்டும். நாசமாய்ப் போன பழக்கம். அந்த வீட்டைவிட்டு வந்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது. ஆனால் என் வீட்டிலும் அவள் தட்டும் டம்ளரும் மட்டும் சமையலறை ஜன்னலில் தனியாகக் கவிழ்ந்து கிடந்தன. நான் எடுத்து எல்லாவற்றோடும் வைப்பேன். அவள் திரும்ப ஜன்னலுக்குக் கொண்டுபோவாள். "இது உன் மக வூடும்மா" என்று கத்தினால், "பழகிப் போச்சுடி, விடு" என்பாள்.

மிஷின் வந்தால் எல்லாம் ஒன்றாகக் கிடந்து கழுவப்படும், கையும் பிழைக்கும் என்று கணக்குப் போட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனேன். நம் ஊர்த் தண்ணீருக்குத் தனி உப்பு வாங்கிப் போட வேண்டும் என்றார் கடைக்காரர். "தண்ணியே உப்பு, அதுக்கு மேல வேற உப்பா?" என்று அம்மா கேட்டதும் அவர் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன்.

"ஏந்தம்பி, எல்லாரு தட்டும் ஒண்ணாவா கெடக்கும்?"

"ஆமாங்கம்மா. எல்லாம் ஒண்ணாதான்."

"எச்சி?"

"அதெல்லாம் போயிரும்ங்க. இந்த மாடல்ல கொதிக்கக் கொதிக்கக் கழுவலாம். எந்தக் கிருமியும் நிக்காது."

தனக்கென்று ஒரு சேலை நிறம்கூடக் கேட்காதவள், அந்த மிஷினின் மேல் கையை வைத்தாள். "இதயே எடுத்துரு. இம்புட்டு சூடு பட்டா என் எச்சியும் போயிரும்ல. அப்பறம் புள்ளைங்க தட்டோட என்னுதயும் போடலாம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கடைக்கு வெளியே வந்து வெயிலில் நின்றேன். கொதிசூட்டு மிஷினை வாங்கினால், என் அம்மாவின் வாய் பட்டதை வேகவைத்துத்தான் என் பிள்ளைகளிடம் சேர்க்கவேண்டும் என்று நானே ஒப்புக்கொண்டதாகிவிடும். வாங்காவிட்டால் அவள் சோப்புத் தண்ணீரை விடமாட்டாள். உள்ளே போனேன், வெளியே வந்தேன், மறுபடியும் உள்ளே போனேன். கடைசியில் அதையே வாங்கினேன். "கறிச்சட்டிப் பிசுக்கு போறதுக்குத்தான் வாங்குறேன், உன் எச்சிக்கு இல்ல" என்று பஸ்ஸில் அவளிடம் சண்டை போட்டேன். "சரிடி" என்றாள்.

மிஷின் வந்தது. அம்மா என்னைவிட நேர்த்தியாகத் தட்டுகளை அடுக்கினாள். அவளுடையது மட்டும் ஓரத்தில், பக்கத்தில் இடம் விட்டு இருக்கும். எப்போதும் கொதிசூட்டு பட்டன்தான். அவசரத்துக்கு நான் சாதாரண பட்டனை அழுத்தப் போனால் தன் தட்டையும் டம்ளரையும் உருவிக்கொண்டு குழாய்க்குப் போய்விடுவாள். இவ்வளவு அலைந்தும் விரல் ஆறவில்லை.

ஒரு சாயங்காலம் அப்படித்தான். காபியைப் பாதியில் வைத்துவிட்டு மற்ற பாத்திரங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். நான் சாதாரண பட்டனை அழுத்தினேன். உடனே தன் டம்ளரை எடுத்து மிச்சக் காபியைச் சிங்க்கில் கொட்டப் போனாள். எனக்கு எங்கிருந்துதான் அந்த வெறி வந்ததோ, டம்ளரைப் பிடுங்கி, அவள் வாய் வைத்த இடத்திலேயே வாய் வைத்து ஒரே மூச்சில் குடித்தேன். குடித்துவிட்டு அழுதேன். "எனக்கு ஒண்ணும் ஆவல பாரு. நல்லா பாரும்மா."

அம்மா மிரண்டுபோய் என்னையே பார்த்தாள். பிறகு என் கையிலிருந்த டம்ளரைத் தொட்டுப் பார்த்தாள்.

"ஆறிப்போனதப் போயி குடிக்கிறியே புள்ள, வயித்துக்கு ஆவுமா? குடு இங்க."

வாங்கிக்கொண்டு குழாய்ப் பக்கம் போவாள் என்று நினைத்தேன். அவள் அடுப்பைப் பற்றவைத்தாள். பாலைக் காய்ச்சிக் காபி கலந்து, அதே டம்ளரில் ஊற்றி ஆற்றினாள். சூடு சரியாக இருக்கிறதா என்று தான் ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு, என்னிடம் நீட்டினாள்.