மிச்சம் இரண்டு புள்ளி

கோயில் கார்த் தரிப்பிடத்தில் ஈர டிஷ்யூவும் கையுமாக நிற்கிற எங்கள் ஆட்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். புதுக் கார் எடுத்து, சில்லுக்குக் கீழே தேசிக்காய் வைத்து, ஐயரைக் கொண்டு பொனற்றில் சந்தனத்தால் சுவஸ்திகமும் போடுவிப்பார்கள். ஐயர் உள்ளே போன கையோடு, ரோட்டில் ஏறுவதற்கு முன்பே அதைத் துடைத்துவிடுவார்கள். வெள்ளைக்காரன் கண்டால் வில்லங்கமாம். சாமிக்கு முன்னால் பக்தி, கேற்றடியில் டிஷ்யூ. துடைக்கத்தான் போகிறீர்கள் என்றால் ஐயரை ஏன் மினக்கெடுத்தினீர்கள் என்று சிலரிடம் நேரேயே கேட்டிருக்கிறேன். வாய்க்காரன் என்று எனக்குப் பெயர்.

என் தொழில் பச்சை குத்துவது. சிட்னி வில்லாவுட் தடுப்பு முகாமில் அடைபட்டிருந்த நாட்களில் பொழுது போகாமல் கீறப் பழகினேன். இப்போது மெல்பேர்னில், நோபல் பார்க்கில், ஒரு டாட்டூக் கடையில் ஒரு கதிரையை வாடகைக்கு எடுத்து வேலை செய்கிறேன். கதிரைக்குப் பின்சுவரில் நானே வரைந்த படம் ஒன்று தொங்கியது. சிவப்பில் பெரிய சுவஸ்திகம், நாலு கட்டத்துக்குள்ளும் நாலு புள்ளி, சுற்றிவரக் கோலம்.

நாஜிகள் பிறக்க எத்தனையோ காலம் முன்பே எங்கள் வாசலில் இருந்த அடையாளம் அது. களவெடுத்தவன் அவன், ஒளித்துத் திரிகிறவர்கள் நாங்கள். இது எந்த ஊர் நியாயம்? அதைக் கண்டு நடுங்குகிற யூத முதியவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. ஆமிக்காரரின் பச்சை உடுப்பைக் கண்டால் எனக்கும் இன்றைக்கும் நெஞ்சு பதறும். அவர்களுக்குப் பக்கத்தில் இருந்து, இது வேறு, அது வேறு என்று சொல்ல நான் ஆயத்தம். எனக்குக் கோபம் எங்கள் டிஷ்யூக்காரர் மேல்தான்.

போன குளிர்காலத்தில் ஒரு வெள்ளைக்காரன் வந்தான். படத்தைக் காட்டி, அதுதான் தன் தோளில் வேண்டும் என்றான். நல்ல மரியாதையான பேச்சு. யோகா, இந்தியப் பயணம் என்று ஏதேதோ சொன்னான். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ஒரு வெள்ளைக்காரனுக்கே விளங்கிவிட்டதே என்று, கேட்காமலே தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன். மடையன் நான். அளவெடுத்துத் தாளில் கீறிக் காட்டியபோதுதான் சொன்னான், புள்ளிகள் வேண்டாமாம். கொஞ்சம் சரித்துப் போடவேணுமாம். புள்ளியையும் எடுத்துச் சரித்தும் போட்டால் அது யாருடையது என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். உன்னைப் போல ஒருவன் போட்டது என்றால் ஒருவரும் கேட்கமாட்டார்கள் என்று சொல்லிக் கண்ணடித்தான். என் சாமியை அவன் தன் கள்ளத்துக்குப் போர்வையாகக் கேட்கிறான். தாளைக் கிழித்து அவன் முன்னாலேயே குப்பையில் போட்டேன். போகும்போது வாசலில் நின்று, நீ நாஜிப் படம் தொங்கவிட்டிருக்கிறாய், பொலிசுக்குச் சொல்கிறேன் என்று சிரித்தான்.

நாலாம் நாள் பின்னேரம் என் கதிரையில் ஒரு தாதி இருந்தாள். எங்கள் ஊர்ப்பக்கத்துப் பிள்ளை. இரண்டு மாதமாக வருவதும் யோசிப்பதுமாக இருந்தவள். ஆஸ்பத்திரியில் முழங்கைக்குக் கீழே ஒன்றும் மூடக்கூடாது, சுவஸ்திகத்தை மணிக்கட்டில் குத்தினால் எல்லோருக்கும் தெரியும், வேலையில் பிரச்சினை வருமோ என்று பயந்தாள். நான்தான் விடவில்லை. பயந்து பயந்துதான் இதைப் பறிகொடுத்தோம், கேட்டால் நிமிர்ந்து நின்று இது எங்களுடையது என்று சொல் என்று அவளுக்குப் பெரிய பிரசங்கமே வைத்தேன். கடைசியில் கையை நீட்டினாள். சுவஸ்திகத்தின் நாலு கையும் குத்தி முடித்து, நாலு புள்ளியில் இரண்டை வைத்துவிட்டேன். அப்போதுதான் பொலிஸ்காரன் உள்ளே வந்தான்.

இளம் பெடியன். தொப்பியைக் கையில் வைத்திருந்தான். ஒரு முறைப்பாடு வந்திருக்கிறது என்று சொல்லி, படத்தைப் பார்த்து, இது என்ன என்று கேட்டான். அவ்வளவுதான் கேட்டான்.

நான் படகில் வந்தவன். இன்றைக்கும், முடிவு வரும்வரை தருகிற பிரிட்ஜிங் விசாவில் இருக்கிறேன். பொலிசோடு ஒரு சொல் பிசகினாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்ற பயத்தில்தான் இத்தனை வருடமும் நித்திரை கொள்கிறேன். அந்தப் பயம் என் வாய்க்குள்ளிருந்து முந்திக்கொண்டு பேசியது.

“சும்மா டிசைன்,” என்றேன். “ஒரு பூ.”

அவன் இன்னொருமுறை படத்தைப் பார்த்தான். இந்துக்களுடையது என்றல்லவா நினைத்தேன், நாஜிச் சின்னத்துக்குத்தான் தடை, இந்துக்களுக்குச் சட்டத்திலேயே விலக்கு இருக்கிறது, அதுவென்றால் பிரச்சினையே இல்லை என்றான். உண்மையைச் சொல்ல அவனே கதவைத் திறந்துவைத்து வா என்று கூப்பிடுகிறான். ஆனால் இப்போது ஓம் என்றால், ஒரு நிமிடத்துக்கு முன் பொலிசுக்குப் பொய் சொன்னவன் ஆகிவிடுவேன்.

“இல்லை. பூத்தான்.”

அவன் ஏதோ எழுதிக்கொண்டான். வடிவான பூ என்று சொல்லிவிட்டுப் போனான்.

கேற்றடியில் டிஷ்யூவோடு நின்றவர்களையெல்லாம் எத்தனை ஏளனம் செய்தேன். அவர்கள் சந்தனத்தை ஒருமுறை துடைத்தார்கள். நான் இரண்டுமுறை துடைத்தேன், இரண்டாம் முறை, கேட்ட பொலிஸ்காரனே பிரச்சினை இல்லை என்று சொன்ன பிறகு. ஊரில் உள்ளவர்கள் எல்லோரிலும் கோபப்பட்ட எனக்கு, அந்த நேரம் என்னைக் கன்னத்தில் அறைய ஒரு கை கிடைக்கவில்லை.

அந்தப் பிள்ளை தன் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். தோல் சிவந்து வீங்கியிருந்தது. பிறகு கையைத் திரும்பவும் பலகையில் வைத்தாள்.

“மிச்சம் ரெண்டு பூவையும் குத்தி விடுங்கோ அண்ணை,” என்றாள். “நான் வேலைக்குப் போகவேணும்.”