பாலினேசியக் கோழிக்கு ஒரு பிரேக்

பதினேழு வருஷமாக அவள் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறாள். பயிற்சிக் காரில் அவள் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. அதை மிதித்துப் பழகிய காலுக்கு ஞாயிற்றுக்கிழமைகூட ஓய்வு கிடையாது.

அன்று கணவர் பாலினேசியக் கோழி சமைக்கக் கிளம்பினார். “நீ வாயே திறக்கக் கூடாது!” என்று நிபந்தனை வேறு. அவள் முக்காலியில் கப்சிப்பென்று உட்கார்ந்தாள்.

கோழியோடு அன்னாசி வதங்கியது. சோயா சாஸை அவர் தாராளமாகக் கவிழ்த்தபோது அவள் கால் தரையைத் ‘தட்’டென்று மிதித்தது. பாட்டில் சட்டென்று நிமிர்ந்தது. தேங்காய்ப்பாலை ஊற்றித் தீயைக் கூட்டினார், இன்னொரு ‘தட்’. தீ அடங்கியது.

சாப்பிடும்போது அவர் நெஞ்சை நிமிர்த்தினார். “பாத்தியா, யார் தயவும் இல்லாம பண்ணிட்டேன்! எப்படி இருக்கு?”

“பிரமாதம்,” என்றாள் எலும்பை உறிஞ்சியபடி. “ஆனா உங்களைத் தனியா விட இன்னும் பத்து கிளாஸ் ஆகும்.”